டிஎன்பியை விட்டு வேறு கம்பெனிக்கு மாறலாமா? செந்தூலிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் சொந்த வீடு, கரண்டு தருவது டிஎன்பி என்கிற தெனாகா நேஷனல், மாதம் ஏறக்குறைய 650 யூனிட் ஓடுகிறது. சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் உங்கள் தங்கை, அங்கே எந்தக் கம்பெனியிடம் கரண்டு வாங்குவது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்யலாம் என்கிறார். போன வாரம் உங்கள் வாசலுக்கு வந்த ஒருவர், "டிஎன்பியை விட 20 சதவீதம் குறைவு, பில்லைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாறலாமா, தங்கை எந்தக் கம்பெனியை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இங்கே மாற வழி உண்டா? இல்லையென்றால் அந்த ஆள் விற்க வந்தது என்ன? மாற வழி இருக்கும் ஊரில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. தீபகற்ப மலேசியாவில் ஒரு வீடு, தெனாகா நேஷனலைத் தவிர வேறு சில்லறை மின் விற்பனையாளருக்கு மாற வழியே இல்லை. செந்தூலானாலும் சரி, பினாங்கு ஜெலுத்தோங்கானாலும் சரி, இதுதான் நிலைமை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஏன் அப்படி என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு வேறு யாராவது வந்து பேசும்போது உதவும். பெரியவர்கள் எல்எல்என் என்று சொல்வார்களே, அந்த லெம்பாகா லெத்ரிக் நெகாராதான் 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் ஆனது. 1992 செப்டம்பரில் நாடு தழுவிய பெரிய மின்தடை வந்த பிறகு, தனியார் நிறுவனங்களும் மின் நிலையம் கட்ட அனுமதி பெற்றன. ஆக, உற்பத்தியில் தனியார் நுழைந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் அவர்கள் உற்பத்தி செய்வதை நீண்ட கால ஒப்பந்தத்தில் ஒரே வாங்குநர் வாங்கி, டிஎன்பி கம்பி வழியாக நமக்கு வருகிறது. சில்லறை விற்பனையைத் திறந்துவிடும் எண்ணம் 2019-இல் மெசி 2.0 என்ற சீர்திருத்தத் திட்டமாக வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, அது வீட்டு வாசல் வரை வரவில்லை. 2024 செப்டம்பரில் வந்த கிரெஸ் திட்டம் உண்மையிலேயே ஒரு கதவைத் திறந்தது. பெரிய நிறுவனங்கள் பசுமை மின் உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கி, டிஎன்பி வலையமைப்பைப் பயன்படுத்த ஒரு கட்டணம் செலுத்தலாம். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை நடத்துபவர் அதைப் பற்றி யோசிக்கலாம். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கும் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் வாசலுக்கு வந்தவர் யார்? அவரைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வழக்கமாக இந்தப் பேச்சோடு வருவது மூன்று வகை ஆட்கள். ஒருவர் சூரிய மின் தகடு விற்பவர். அவர் தொழில் நேர்மையானதுதான், ஆனால் அவர் விற்பது 15, 20 ஆண்டு ஓடும் ஒப்பந்தம். 'டிஎன்பியை விடக் குறைவு' என்பது தகட்டிலிருந்து வரும் யூனிட்டுக்கு மட்டும் பொருந்தும், முழு பில்லுக்கு அல்ல. இரண்டாமவர், பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று ஒரு சின்னப் பெட்டியைத் தருபவர். அதை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கபாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும் இருக்கும். கபாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதத்தைத் திருத்தும். வீட்டு மீட்டரோ உண்மையில் செலவான யூனிட்டை மட்டும் எண்ணுகிறது, பவர் ஃபேக்டருக்கு வீட்டுக்காரரிடம் அபராதம் கிடையாது. ஆகவே அது கோளாறில்லாமல் வேலை செய்தாலும் உங்கள் பில்லில் ஒரு சென்கூடக் குறையாது. மூன்றாமவர் உங்கள் விவரங்களுக்காக வந்தவர். டிஎன்பியின் மைடிஎன்பி செயலிக்கான கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வரும் குறியீட்டையோ கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள். பழைய பில்லைப் பார்க்கக் கேட்பது மட்டும் தவறில்லை. தகடு விற்பவருக்கு உங்கள் யூனிட் கணக்கு வேண்டும். எண்களை மட்டும் சொல்லுங்கள், பில்லைப் படம் எடுக்க விடாதீர்கள். முதல் சந்திப்பில் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு உண்மையில் பணம் மிச்சமாகக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆள் சொன்ன 20 சதவீதம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பில்லைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

2025 ஜூலை 1 முதல் வீட்டுக் கட்டணத்தின் அமைப்பே மாறிவிட்டது. முன்பு முதல் 200 யூனிட் ஒரு விலை, அடுத்த 100 ஒரு விலை என்று படிப்படியாக ஏறும். இப்போது பில்லில் தனித்தனி வரிகளைப் பார்ப்பீர்கள். சாஜ் தெனாகா, அதாவது மின்சாரத்துக்கான விலை, யூனிட்டுக்கு 27.03 சென். சாஜ் கபாசித்தி, மின் நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு, 4.55 சென். சாஜ் ரங்காயான், கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும், 12.85 சென். மூன்றையும் கூட்டினால் 44.43 சென். இதற்கு மேல் மாதம் 10 ரிங்கிட் சாஜ் பெருஞ்சித்தான், அதாவது சில்லறை விற்பனைக் கட்டணம். 600 யூனிட்டுக்குள் இருந்தால் அது இல்லை. பிறகு, 1000 யூனிட் வரை ஓடும் வீட்டுக்கு இன்சென்திஃப் செகாப் தெனாகா என்ற கழிவு. இந்தக் கழிவில்தான் விஷயமே இருக்கிறது. யூனிட் குறையக் குறையக் கழிவு ஏறுகிறது, அதோடு அது அந்த மாதத்தின் எல்லா யூனிட்டுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. 501 முதல் 550 வரை 10.5 சென். 551 முதல் 600 வரை 9 சென். 601 முதல் 650 வரை 7.5 சென். 651-ஐத் தொட்டால் 5.5 சென். 900-ஐத் தாண்டினால் அரை சென்தான்.

உங்கள் 650 யூனிட்டைப் போட்டுப் பார்ப்போம். 650-ஐ 44.43 சென்னால் பெருக்கினால் 288.80 ரிங்கிட். கழிவு 7.5 சென் வீதம் 48.75. மிச்சம் 240.05. அதோடு 10 ரிங்கிட் சேர்ந்து 250.05. இதே வீடு 600 யூனிட்டில் நின்றிருந்தால் 266.58, கழிவு 54.00, பெருஞ்சித்தான் கிடையாது, ஆக 212.58. ஐம்பது யூனிட் குறைந்ததற்கு 37.47 ரிங்கிட் மிச்சம், 15 சதவீதம். 550-இல் நின்றால் 186.62. 650-க்கும் 550-க்கும் இடையே 63.43 ரிங்கிட், 25 சதவீதம். எந்தக் கம்பெனிக்கும் மாறாமல், எதிலும் கையெழுத்துப் போடாமல் வரும் மிச்சம் இது.

இந்தக் கணக்கில் மூன்று சங்கதிகளை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கேடபிள்யூடிபிபி என்று பில்லில் வரும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 சதவீதம், 300 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு உண்டு. சேவை வரி 8 சதவீதம், 600-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு மட்டும். ஏஎஃப்ஏ என்ற எரிபொருள் சரிக்கட்டல், எரிபொருள் விலைக்கும் நாணய மதிப்புக்கும் ஏற்ப மாதா மாதம் மாறும். ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். 600 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. அதனால் உங்கள் பில்லில் நிற்கும் கடைசித் தொகை நான் சொன்னதிலிருந்து சில ரிங்கிட் தள்ளி இருக்கும். இடைவெளி மட்டும் பெரிதாக மாறாது.

600 என்ற எல்லையில் எத்தனை விஷயங்கள் ஒன்றாக மாறுகின்றன என்பதைக் கவனியுங்கள். 600-வது யூனிட்டுக்கும் 601-வது யூனிட்டுக்கும் இடையே பில் 19 ரிங்கிட்டுக்கு மேல் தாவுகிறது. இதைவிட மோசமான தாவல் 1500-இல் இருக்கிறது. 1501-ஐத் தொட்டால் சாஜ் தெனாகா 27.03-லிருந்து 37.03 சென் ஆகிவிடும், அதுவும் எல்லா யூனிட்டுக்கும். ஒரே ஒரு யூனிட்டில் 150 ரிங்கிட். அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டு, ஒவ்வொரு அறையிலும் ஏர்கோன் ஓடும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. மீட்டர் கோளாறு என்று புகார் செய்கிறார்கள். மீட்டரில் கோளாறு இருப்பதில்லை, எல்லையைத் தாண்டியதுதான் காரணம்.

சரி, 50 யூனிட்டை எங்கிருந்து குறைப்பது? மாதம் 600 என்றால் நாளுக்கு 20 யூனிட். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மைடிஎன்பி செயலியில் நாள்வாரியாகவே தெரியும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மீட்டர் எண்ணைச் சுவர் நாட்காட்டியில் எழுதி வையுங்கள், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். வித்தியாசம் 140-க்குள் இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். நீங்கள் இப்போது ஓட்டுவது நாளுக்கு 21.7. ஒன்றே முக்கால் யூனிட் குறைத்தால் போதும். ஒன்றரை குதிரைத்திறன் சாதாரண ஏர்கோன், கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் ஏறக்குறைய 1.2 கிலோவாட் இழுக்கும். இரவு ஒன்பதுக்குப் போடுவதைப் பத்தரைக்குப் போட்டு, விடியற்காலை ஐந்துக்கு அணையும்படி டைமர் வைத்தாலே கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வை போர்த்துவதை விட, 25-இல் வைத்து மேலே காற்றாடியை ஓட விடுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். அழுக்கு அடைத்த வடிகட்டியோடு கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். பலர் பயப்படும் குளியலறை ஹீட்டர் அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. 3.6 கிலோவாட் உடனடி ஹீட்டர் பத்து நிமிடத்துக்கு 0.6 யூனிட்தான். ஆனால் தொட்டி வைத்த ஹீட்டரை நாள் முழுவதும் போட்டு வைத்தால் கதை வேறு. சந்தேகம் வேண்டிய இன்னொரு பொருள், பின்கட்டில் பாதி காலியாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி. ரப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் கதவிடுக்கில் ஒரு பத்து ரிங்கிட் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நோட்டு தடையில்லாமல் வந்துவிட்டால் குளிர் ஒழுகுகிறது என்று பொருள்.

உங்களுக்கு இங்கே உண்மையாகவே இருக்கும் ஒரு தேர்வு, நேரவாரிக் கட்டணம். டிஎன்பி அதை டைம் ஆஃப் யூஸ் என்று சொல்கிறது. ஸ்மார்ட் மீட்டர் இருக்கும் வீடு விருப்பப்பட்டால் சேரலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம், சாஜ் தெனாகா 28.52 சென். மற்ற நேரமும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள் முழுவதும் 24.43 சென். சாதாரணக் கட்டணம் 27.03 என்பதால், உங்கள் மொத்த யூனிட்டில் உச்ச நேரப் பங்கு ஏறக்குறைய 63 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இது லாபம். வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்ச நேரம் வெறும் 40. இரவு ஏர்கோன் போடும் வீடு 63 சதவீதத்தைத் தொடுவது கடினம். ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு இது நஷ்டம் தராது. ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். உங்கள் உச்ச நேரப் பங்கு 35 சதவீதம் என்று வைத்தால் சராசரி விலை 25.86 சென், யூனிட்டுக்கு 1.17 சென் மிச்சம். 600 யூனிட்டுக்கு 7 ரிங்கிட். துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் சனிக்கிழமைக்குத் தள்ளினால் இன்னும் ஒன்றிரண்டு ரிங்கிட் கூடும். மின்சாரக் கார் வாங்கி வீட்டில் சார்ஜ் செய்யும் நாள் வந்தால் இதே தேர்வின் எடை பல மடங்காகும், ஆனால் அப்போது 1500 எல்லையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். வயதானவர்கள் பகல் முழுக்க வீட்டில் இருந்து பிற்பகலிலேயே ஏர்கோன் ஓடுகிற வீடு மட்டும் முதலில் செயலியில் மணிவாரிப் பயன்பாட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

வந்தவர் தகடு விற்பவராகவே இருந்தால், ஒரு கேள்வியை வைத்து அவரை எடை போடலாம். "என் பில்லில் எந்த யூனிட்டை நீங்கள் குறைக்கிறீர்கள்?" கழிவு படியாக இருப்பதால், ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் ஒன்றல்ல. 900 யூனிட் ஓடும் வீட்டின் பில், வரிகளை விட்டு, 400.87 ரிங்கிட். பகலில் தகட்டு மின்சாரத்தையே பயன்படுத்தி டிஎன்பியிடம் எடுப்பது 500 ஆகக் குறைந்தால் பில் 162.15. குறைந்த 400 யூனிட்டின் மதிப்பு யூனிட்டுக்கு 59 சென்னுக்கு மேல். அங்கே சோலார் பிரமாதமான முதலீடு. ஆனால் ஏற்கெனவே 200 யூனிட்டுக்குள் இருக்கும் சிறு குடும்பத்துக்கு ஒரு யூனிட்டின் மதிப்பு 19.43 சென்தான். அவர்களிடம் யூனிட் 30 சென் என்று தகட்டு மின்சாரத்தை நீண்ட கால ஒப்பந்தத்தில் விற்றால், மாதா மாதம் நஷ்டத்தைத் தலையில் கட்டுவதற்குச் சமம். உபரி மின்சாரத்தை டிஎன்பிக்கு அனுப்பி ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொண்ட நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. இப்போதுள்ள சோலார் அதாப் (ATAP) திட்டத்தில் வீடுகளின் உபரி, சாஜ் தெனாகா விலைக்கே மதிப்பிடப்படுகிறது. அனுப்பும் யூனிட்டுக்கு 27.03, எடுக்கும் யூனிட்டுக்கு 44.43 என்றால், பகலில் ஆளில்லாத வீட்டில் பெரிய தகடு போடுவதில் அர்த்தம் குறைவு. இன்னமும் பழைய நெம் கணக்கைக் காட்டி விற்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இனி உங்கள் தங்கை. சிங்கப்பூரில் கதை வேறு. 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் சோதித்துப் பார்த்து, அதே ஆண்டு நவம்பர் முதல் 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாக எல்லா வீடுகளுக்கும் மின்சந்தையைத் திறந்துவிட்டார்கள். ஈசூனில் இருக்கும் அவருக்கு மின் வலையமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடமே, அரசு ஒழுங்குபடுத்தும் ஒழுங்குமுறைக் கட்டணத்தில் வாங்கவும் வழி உண்டு, சில்லறை விற்பனையாளரிடம் ஒப்பந்தம் போடவும் வழி உண்டு. முதலில் அவருக்குச் சொல்ல வேண்டியது, கம்பெனி மாறினால் கரண்டு மாறாது. அதே கம்பி, பெரும்பாலும் அதே மீட்டர், மின்தடை வந்தால் சரிசெய்ய வருவதும் எஸ்பியின் ஆட்களேதான். 'எங்கள் மின்சாரம் தரமானது' என்று யாராவது சொன்னால் அது வெறும் விற்பனைப் பேச்சு. மாறுவது விலையும் ஒப்பந்தமும் மட்டும்.

ஆகவே கம்பெனிப் பெயரைப் பார்த்துத் தொடங்காமல் திட்டத்தின் வகையைப் பார்த்துத் தொடங்கட்டும். அடிப்படையாக இரண்டு வகை. நிலையான விலைத் திட்டத்தில், ஒப்பந்தம் முடியும் வரை யூனிட்டுக்கு ஒரே விலை. தள்ளுபடித் திட்டத்தில், எஸ்பியின் ஒழுங்குமுறைக் கட்டணத்திலிருந்து இத்தனை சதவீதம் கழிவு. அந்தக் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், அவர் விலையும் கூடவே ஏறி இறங்கும். எண் வைத்துப் பார்த்தால் விளங்கும். இவை உதாரண எண்கள்தான், இன்றைய விலை அல்ல. கட்டணம் 30 காசு, ஒரு கம்பெனி 27 காசு நிலையான விலை தருகிறது, இன்னொன்று 5 சதவீதம் தள்ளுபடி, அதாவது 28.5. மாதம் 400 யூனிட் என்றால் இன்றைக்கு நிலையான விலையில் 12 வெள்ளி மிச்சம், தள்ளுபடியில் 6 வெள்ளி. ஆறு மாதம் கழித்துக் கட்டணம் 26-க்கு இறங்கினால் தள்ளுபடிக்காரர் 24.7 கொடுப்பார், நிலையான விலைக்காரர் எஸ்பியிடம் இருந்திருந்தாலே லாபம் என்று நினைப்பார். கட்டணம் 34-க்கு ஏறினால் இதற்கு நேர்மாறு. எரிவாயு விலை அடுத்த ஆண்டு எங்கே போகும் என்று சொல்ல யாராலும் முடியாது. சிங்கப்பூர் மின்சாரத்தின் பெரும்பகுதி இறக்குமதி எரிவாயுவிலிருந்து வருவதால் அந்த விலைதான் எல்லாவற்றையும் ஆட்டுகிறது. என் கருத்து, மாத வரவு செலவை இறுக்கிப் பிடித்து நடத்தும் குடும்பத்துக்கு நிலையான விலை மேல். இது விலை இறங்காது என்ற கணிப்பு அல்ல. எதிர்பாராத பில் வராமல் இருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்பதால் சொல்கிறேன்.

வகை முடிவானதும், விலையை ஒப்பிடும்போது நிறையப் பேர் ஏமாறும் இடங்கள் இருக்கின்றன. ஒருவர் விலையை ஜிஎஸ்டி சேர்த்துப் போடுவார், இன்னொருவர் சேர்க்காமல் போடுவார். 9 சதவீதம் வரி, 27 காசை 29.43 ஆக்கிவிடும். இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். முதல் மாதம் 50 வெள்ளித் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அதை ஒப்பந்த மாதங்களால் வகுத்துப் பார்க்கட்டும். 24 மாத ஒப்பந்தத்தில் அது மாதம் 2 வெள்ளி சொச்சம்தான். கிரெடிட் கார்டில் கட்டினால்தான் சலுகை என்றால், அந்தக் கார்டின் ஆண்டுக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும் என்று கேட்கட்டும். வீடு மாறினால் ஒப்பந்தம் கூடவே வருமா, இல்லை இடையில் முறித்ததற்கான கட்டணம் விழுமா என்பது மிக முக்கியம், வாடகைக்கு இருப்பவருக்கு இன்னும் முக்கியம். மாதம் 6 வெள்ளி மிச்சம் பிடிக்கும் ஒருவர் முறிப்புக் கட்டணமாக 100 வெள்ளி கட்டினால், ஒன்றே கால் ஆண்டுக்கு மேல் சேர்த்தது ஒரே நாளில் போய்விடும். இவையெல்லாம் விற்பனையாளர் கட்டாயம் கொடுக்க வேண்டிய விவரத்தாளில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். எரிசக்திச் சந்தை ஆணையம் வரையறுத்த தரத் திட்டம் என்று சில உண்டு, நிபந்தனைகள் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி, கூடுதல் இணைப்பு எதுவும் கிடையாது. முதன்முறை மாறுபவருக்கு நான் சொல்வது அதைத்தான். விலை ஒன்றை மட்டும் பார்த்தால் போதும் என்ற வசதி அதில் கிடைக்கிறது.

கம்பெனியே போய்விட்டால் என்ன ஆகும்? இது கற்பனை இல்லை. 2021 அக்டோபரில் எரிவாயு விலை எகிறியபோது சிங்கப்பூரில் பல சில்லறை விற்பனையாளர்கள் அடுத்தடுத்து விலகினார்கள். வாடிக்கையாளருக்கு ஒரு விலையை உறுதி சொல்லிவிட்டு, தாங்கள் வாங்கும் மின்சாரத்துக்கு அதே உறுதியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதவர்களுக்கு, மொத்தக் கொள்முதல் சந்தையில் விலை ஏறியதும் ஒவ்வொரு யூனிட்டிலும் நஷ்டம். பிரிட்டனிலும் அதே காலத்தில் ஏராளமான விற்பனையாளர்கள் மூடினார்கள், காரணமும் இதேதான். சிங்கப்பூரில் அந்த வீடுகளுக்குக் கரண்டு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, பெரும்பாலோர் எஸ்பிக்கு மாற்றிவிடப்பட்டார்கள். போனது மலிவு விலை. ஆகவே மற்ற எல்லோரையும் விட வெகுவாகக் கீழே விலை சொல்லும் கம்பெனியைப் பார்த்தால், அதற்குச் சொந்த மின் நிலையமோ பின்னால் ஒரு பெரிய குழுமமோ இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது முழு உத்தரவாதம் தராது. ஆனால் சொந்தமாக உற்பத்தி செய்பவர் மொத்த விலை ஏற்றத்தைத் தாங்கும் வலு, வாங்கி விற்பவருக்கு இல்லை.

மொத்தச் சந்தை விலையையே அரைமணிக்கு அரைமணி அப்படியே செலுத்தும் வழியும் சிங்கப்பூரில் உண்டு. வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் டெக்சஸில் 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் மொத்த விலை ஒரு யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டு நாட்கணக்கில் அங்கேயே நின்றது. மொத்த விலைத் திட்டத்தில் இருந்த வீடுகளுக்குச் சில நாளில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. வழக்கமான மாதங்களில் அவர்கள் நிறையவே மிச்சம் பிடித்திருந்தார்கள் என்பதும் உண்மைதான்.

இரவில் மலிவு, பகலில் அதிகம் என்ற நேரவாரித் திட்டம் எடுப்பதானால் அரைமணிக்கொரு முறை பதியும் மீட்டர் வேண்டும்; தங்கை வீட்டில் அது பொருத்தப்பட்டுவிட்டதா என்று எஸ்பி செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நிலையான விலைக்கும் தள்ளுபடிக்கும் பழைய மீட்டரே போதும். உறவில் யாராவது மெல்பர்னிலோ லண்டனிலோ படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் இதே வழிதான், ஒரு வித்தியாசத்தோடு. அங்கே பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு நிலைக் கட்டணம் இருக்கும். தனியாக ஒற்றை அறையில் இருக்கும் மாணவருக்கு யூனிட் விலையை விட அதுதான் பில்லைத் தீர்மானிக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

தங்கை செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். கடந்த ஆறு மாத எஸ்பி பில்லை எடுத்து யூனிட்டை மட்டும் கூட்டி ஆறால் வகுக்கட்டும். ஆணையத்தின் ஒப்பீட்டுத் தளத்தில் அந்தச் சராசரியைப் போட்டு, தரத் திட்டங்களில் மட்டும் முதல் மூன்றை எடுக்கட்டும். மூன்றின் விவரத்தாளிலும் முன்பணம், முறிப்புக் கட்டணம், ஒப்பந்தம் முடிந்தால் என்ன விலைக்குப் போகும் என்ற மூன்று வரிகளை அடிக்கோடிடட்டும். அந்த மூன்றாவது வரிதான் பலர் கண்ணில் படாதது. 12 மாதம் முடிந்ததும் பேசாமல் இருந்தால் அதே கம்பெனி தன் அன்றைய விலையில் தொடரக்கூடும், அது எஸ்பி கட்டணத்தை விட மேலேயும் இருக்கலாம். கையெழுத்துப் போடும் நாளிலேயே, முடிவுத் தேதிக்கு ஆறு வாரம் முன்பு கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொன்னதெல்லாம் 650 யூனிட் என்ற ஒரே எண்ணை வைத்துத்தான். மூன்று மாத பில்லில் யூனிட் எண்ணிக்கை, பில் காலத்தின் நாள், ஏர்கோன் எத்தனை, ஸ்மார்ட் மீட்டரா இல்லையா என்ற விவரத்தை எழுதுங்கள். கணக்கு எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டு எழுதுங்கள். 600-க்குக் கீழே கொண்டுவர எந்தப் பொருளில் கை வைப்பது என்பதை அப்போது இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.